அக்காவை மசாஜுக்கு அழைத்துப் போனது

மஸ்கட்டில் நான் செய்யும் வேலைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே பெயர்தான்: பார்லர். அம்மா இருந்தவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவும் அப்படித்தான் சொல்கிறாள். உண்மையில் எனக்குப் புருவம் திருத்தவும் தெரியாது, முடி வெட்டவும் தெரியாது. பெண்களுக்கான ஒரு கடையில் மசாஜ் செய்கிறேன். கழுத்து, முதுகு, இடுப்பு, இவைதான் என் பிழைப்பு. வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. இப்போது ஒரு பாட்டில் மூடியைத் திறக்கக்கூட அந்தக் கை மறுக்கிறது. கொஞ்ச நாள் ஊருக்குப் போய் ஓய்வெடு, கை சரியானால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் பிறகு யோசிப்போம் என்று முதலாளியம்மா அனுப்பிவைத்தாள். பாளையங்கோட்டையில் மகளோடு இருந்துவிட்டு, அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன்.

செங்கல்பட்டில் ரயிலிலிருந்து இறங்கியபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. சென்னைக்குப் போகும் மின்சார ரயிலைப் பிடிக்க ஒரு கூட்டமே எதிரே ஓடி வந்தது. நான் மட்டும் பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு அவர்களுக்குக் குறுக்கே நடந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்களோ என்னவோ, இனித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது பழக எத்தனை வருஷம் ஆனாலும் போதாது.

கல்பாக்கம் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. பின் டயர் போய்விட்டது.

“எல்லாம் எறங்குங்க. டிக்கெட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னால வண்டி வந்துகினு கீது” என்றார் கண்டக்டர்.

“நேத்தும் இதே பேஜாரு தான் அண்ணாத்த” என்றார் ஒருவர்.

நிழலுக்கு ஒரு வேப்பமரம் இருந்தது. என் பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஓர் அம்மா குந்தினாள். எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு என்று கேட்டாள். புதுப்பட்டினத்தில் அக்கா வீடு இருக்கும் தெருவைச் சொன்னேன்.

“கை கால் வராம படுத்துகினு கீறாரே, அவரு வூடா? அந்த அம்மா எங்கிட்டதான் மீன் வாங்கும். நின்னு ஒரு வார்த்த பேசாது. மீன எடுத்துக்கினு ஓடும். இன்னா ஓட்டம் ஓடும் தெரியுமா?”

அக்காவைப் பற்றி அதுவரை யாரும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. போனில் பேசும்போது அவள் எப்போதும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வாள்.

அத்தான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ‘தண்ணி’, ‘வேண்டாம்’, ‘போ’ போன்ற சில சொற்கள் மட்டும் வரும். குவார்ட்டர்ஸை விட்டு புதுப்பட்டினத்தில் வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் புனேயில் வேலை பார்க்கிறான். ஒரு ஆண் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அவன் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அத்தான் ஒவ்வொரு தடவையும் ‘வேண்டாம்’ என்றுவிட்டார். வேறு ஒருவன் தன்னைக் குளிப்பாட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும், மறுபடி கட்டிலுக்கும் அக்காதான் தூக்குகிறாள். அத்தான் ஆறடி ஆள்.

நான் போய்ச் சேர்ந்த அன்றே கவனித்தேன். அக்கா தலை வாருவதற்குக் கையை உயர்த்தவில்லை. தலையை இடுப்பு வரைக்கும் தாழ்த்தி, சீப்பு இருக்கும் இடத்துக்குத் தலையைக் கொண்டுபோனாள்.

“எத்தன நாளா இப்படி?” என்றேன்.

“எப்படி?” என்றாள்.

மறுநாள் காலை அத்தானைத் தூக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிடிப்பதற்குக் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை, முழங்கையைக் கொடுத்துத் தாங்கினேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாற்காலியில் உட்காரவைத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா அதே மூச்சில் அவர் காலைச் சரிசெய்து, துண்டை எடுத்து, பல் விளக்க பிரஷ் கொடுத்து, அடுப்பிலிருந்து பாலை இறக்கப் போய்விட்டாள். இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மதியம் அத்தான் தூங்கிய பிறகு அவளை ஸ்டூலில் உட்காரவைத்து இடது கையால் தோளைத் தொட்டுப் பார்த்தேன். என் தொழிலில் எத்தனையோ தோள்களைப் பார்த்திருக்கிறேன். இது காய்ந்த தோல் செருப்பு மாதிரி இருந்தது. கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்புக்குக் கீழே வரை ஒரே இறுக்கம். செங்கல்பட்டில் எலும்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். எலும்பிலும் மூட்டிலும் கோளாறில்லை, தசைதான் இறுகிவிட்டது, பாரம் தூக்காதீர்கள், கைக்குப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

“பாரம் தூக்காதன்னா அவரை யாரு தூக்குவா? டாக்டரா வந்து தூக்குவாரு?” என்றாள் அக்கா.

என் கை நன்றாக இருந்தால் நானே செய்திருப்பேன். அது முடியாது என்பதால் மாமல்லபுரத்தில் பெண்களே பெண்களுக்குச் செய்யும் இடம் ஒன்றை விசாரித்து வைத்தேன். அவளைச் சம்மதிக்கவைக்கத்தான் அன்று சாயங்காலம் முழுக்கச் செலவானது.

“எண்ணெய் தேய்ச்சு விடுறதுக்கு அவ்வளவு தூரம் போணுமாட்டி?”

எண்ணெய் தேய்ப்பது வேறு, இது வேறு என்று சொன்னேன். நான் சொல்வது டீப் டிஷ்யூ, அதாவது ஆழத்துத் தசைக்கான மசாஜ், மேல்தோலில் வழுக்கிக்கொண்டு போவது இல்லை. எண்ணெய் கொஞ்சம்தான் வைப்பார்கள். மேலே இருக்கும் தசையை முதலில் சூடுபடுத்தி இளக்கி, அதற்கும் அடியில் இறுகிக் கிடக்கும் தசைக்கு மெதுவாக இறங்குவார்கள். விரல் முட்டி, முன்னங்கை, முழங்கை இவற்றால் ஒரே இடத்தில் அழுத்தி, அது விட்டுக்கொடுக்கும் வரை காத்திருப்பார்கள். அவசரப்பட்டால் தசை எதிர்த்துக்கொண்டு இன்னும் இறுகும். வலி இருக்கும். ஆனால் மூச்சை இழுத்து விடக்கூடிய வலியாக இருக்க வேண்டும். மூச்சு நின்றால் அது அதிகம்.

“வலின்னா நான் தாங்குவேன்” என்றாள் அக்கா.

“தாங்கக் கூடாது. அதான் விஷயம். வலிச்சா சொல்லணும்.”

அதை அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், வயிறு லேசாக இருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பிரஷர் மாத்திரையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், காலில் திடீரென்று வீக்கம் வந்தவர்களுக்கும், காய்ச்சல் உள்ளவர்களுக்கும் இதைச் செய்யவே கூடாது. இதெல்லாம் அவளுக்கு இல்லை. அவளுக்கு இருந்த பெரிய சந்தேகம் வேறு.

“சேலைய அவுக்கணுமா?”

“மேல துண்டு போட்டு மூடித்தான் வைப்பாங்க. எந்த இடத்துல செய்யுதாங்களோ அந்த இடம் மட்டும்தான் தெரியும்.”

“நீ உள்ளயே இருப்பேல்ல?”

இருப்பேன் என்றேன். பக்கத்து வீட்டு ரேவதி அத்தானைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். மறுநாள் கிளம்பும்போது அக்கா அவளுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினாள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் எங்களுக்கு நிற்க வேண்டிய பஸ் நிற்காமல் போனது. ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பாதி வழியில் டிரைவருக்கு ஒரு போன் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று எங்களை ரோட்டோரம் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். வெயில் உச்சந்தலையில் இருந்தது. சவுக்குத் தோப்பின் ஓரமாக நடந்தோம். மஸ்கட்டில் இந்த வெயிலுக்கு யாரும் வெளியே தலை காட்டமாட்டார்கள். அக்கா வேகமாக முன்னால் போய், பிறகு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு தூரம் வீட்ட விட்டு வந்து ரொம்ப நாளாச்சு” என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை, பயந்த மாதிரி சொன்னாள்.

இன்னொரு ஆட்டோ கிடைத்து மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பஸ் நிலையத்தில் காணாமல் போனவள், திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். முழுவதையும் சாப்பிட்டுவிட்டாள்.

“அக்கா, என்ன சொன்னேன் உன்கிட்ட?”

“பசிச்சுது.”

குப்புறப் படுக்கவைத்து அழுத்தினால் எல்லாம் மேலே வந்துவிடும். போன் செய்து நேரத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். வேறு வழியில்லாமல் கடற்கரைக்குப் போய் ஒரு குளிர்பானக் கடையின் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தோம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு மலையாளக் குடும்பம் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கணவனிடம் சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“என்ன சொல்லுதா?” என்றாள் அக்கா. கூட வேலை செய்கிறவர்களால் எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

“‘ஒரு நாளாவது என் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடலாம்னு வந்தேன். இங்கேயும் உங்களுக்கு முள் எடுத்துத் தரணுமா’ன்னு கேக்கா.”

அக்கா அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு ரேவதிக்குப் போன் போட்டு அத்தான் மோர் குடித்தாரா என்று விசாரித்தாள்.

மசாஜ் செய்த பெண்ணின் பெயர் ரோசி. மணிப்பூரிலிருந்து வந்தவள். தமிழ் இங்கே வந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். என் கையைப் பார்த்ததும் சிரித்தாள்.

“நீங்களும் இந்த வேலையா அக்கா? விரல் போச்சா?”

“போச்சு.”

அவள் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தோல் தடித்துக் கறுத்திருந்தது. “நான் இப்ப விரல் குறைச்சிட்டேன். இதுதான்.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பார்லர்னுதானே சொன்ன?” என்றாள் என்னிடம்.

“நீயும் அம்மாவும்தான் அப்படிச் சொன்னீங்க. நான் சொல்லல.”

சின்ன அறை. ஏசி அதிகம் வைக்கவில்லை. முகத்தை வைக்க ஓட்டை உள்ள கட்டில். அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுப்பதற்கே நேரம் எடுத்துக்கொண்டாள். நான் கால்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரோசி நன்றாகத்தான் செய்தாள். முதலில் உள்ளங்கையால் நீவி முதுகைச் சூடாக்கினாள். பிறகு முன்னங்கையை வைத்து மெதுவாக மேலே போனாள். தோள்பட்டை எலும்பின் ஓரத்துக்கு வந்து நிறுத்தி அழுத்தினாள்.

“வலி எப்படி அக்கா?”

“பரவால்ல.”

“அதிகமா?”

“பரவால்லம்மா. நீ செய்யி.”

எனக்கு அவள் பாதம் தெரிந்தது. கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. என் கடையிலும் இப்படிச் சிலர் வருவார்கள். அவர்களுக்குச் செய்வதுதான் சிரமம். கத்துகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. பேசாமல் கிடப்பவர்கள்தான் மறுநாள் ரத்தம் கட்டிப்போய் எழுந்திருப்பார்கள்.

ரோசி என்னைப் பார்த்தாள். அவளும் கவனித்துவிட்டாள். கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை மட்டும் அக்காவின் முதுகில் சும்மா வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் நிறுத்திட்டா?” என்றாள் அக்கா ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்து.

“நீ சொல்லமாட்டேங்குத. அதனால” என்றேன் நான்.

“பரவால்லன்னு சொன்னேனே.”

“அக்கா, காலைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பக்கத்து அறையில் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

“வலிக்கு” என்றாள் அக்கா.

ரோசி விரலால் லேசாகத் தொட்டாள். “இங்கயா?”

“வலிக்கு.”

“இது?”

“அதுவும் வலிக்கு. எல்லா இடமும் வலிக்கு.”

ரோசி அழுத்தத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தாள். அக்கா இப்போது சொல்லத் தொடங்கினாள். இங்கே அதிகம், இங்கே போதும், இங்கே தாங்கும். பிறகு ரோசி கேட்காமலே வேறு ஒன்றையும் சொன்னாள். குரல் தரையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

“போன மாசம் அவரைக் கீழ போட்டுட்டேன்.”

நான் எழுந்து தலைமாட்டுக்குப் போனேன்.

“பாத்ரூம்ல. தோளு பிடிச்சுக்கிடுச்சு, கை விட்டுப்போச்சு. செவுத்துல சாஞ்சு அப்படியே விழுந்துட்டாரு. நல்ல வேளை தலையில அடிபடல. தொடையில மட்டும் கன்னிப்போச்சு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் தண்ணிக்குள்ளயே கெடந்தோம். தூக்க முடியல. அவரு சத்தம் போடல. நானும் யாரையும் கூப்பிடல.”

“பயல்கிட்ட சொன்னியா?”

“சொன்னா ஹோம்ல சேத்துருவோம்பான்.”

ரோசிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் கையை நிறுத்தவில்லை. நேரம் முடிந்தும் கொஞ்சம் கூடுதலாகவே செய்தாள் என்று நினைக்கிறேன். கடைசியில் அக்காவை எழுப்பி உட்காரவைத்து வெந்நீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “இன்னைக்கும் நாளைக்கும் வலி இருக்கும், பயப்படாதீங்க. தண்ணி குடிங்க. வெயிட் தூக்காதீங்க.”

அக்கா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு நான் தூக்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தின நாள் அவரைத் தூக்கி மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

திரும்பும்போது தனி ஆட்டோ எடுத்தோம். அவளை மறுபடி ரோட்டில் நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை. வழியில் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். ஆள் வைக்கலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றாள். நீ கேட்டாயா என்றேன். பயல் கேட்டானே என்றாள். நீ கேட்டாயா என்று மறுபடி கேட்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பாமலே பேசினார். “தப்பா நெனைக்காதீங்க. என் மச்சான் ஒருத்தன் இதே வேல தான் பண்றான். ஏழுமலன்னு பேரு. செங்கல்பட்டுல ஒரு ஆஸ்பத்திரில வார்டுல இருந்தான். இப்ப வூட்டு வூட்டுக்குப் போய் பாத்துகினு கீறான். உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் வூடு. வேணும்னா காலைல வரச் சொல்றேன். புடிக்கலன்னா அனுப்பிடுங்க.”

அக்கா வெளியே பார்த்தாள். புதுப்பட்டினம் கடைத்தெரு வந்தது. இறங்கும்போது அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, “கேட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

ரேவதி போன பிறகு அவள் நேராக அத்தான் கட்டிலுக்குப் போனாள். புடவை மாற்றவில்லை, முகம் கழுவவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்றேன். வெளியே போய்விடலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் போகவில்லை.

“இங்க பாருங்க” என்றாள். “எனக்குத் தோளு வலிக்கு. முதுகு வலிக்கு. ரொம்ப நாளா வலிக்கு. இனிமே என்னால உங்களத் தூக்க முடியாது. தூக்கினா மறுபடியும் கீழ போட்டுருவேன்.”

அத்தான் அவளைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக அசைந்தது. ‘வேண்டாம்’ என்று வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

“தெரி...யும்” என்றார்.

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஆள் ஒருத்தர் இருக்காராம். காலைல வரச் சொல்லட்டுமா?”

அவர் வெகு நேரம் எடுத்துக்கொண்டார். கண் ஓரம் நனைந்தது. அதைத் துடைக்கப் போன அக்காவின் கையை இடது கையால் தடுத்துவிட்டு, தானே துடைத்துக்கொண்டார்.

“வர... சொல்லு.”

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அக்கா தட்டோடு இரண்டு தடவை போய்த் திரும்பினாள். எங்களுக்கும் பெரிதாகப் பசிக்கவில்லை.

காலையில் அக்காவால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ரோசி சொன்ன வலிதான், இரண்டு நாளில் போய்விடும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். “உன் பேச்சக் கேட்டுப் போனதுக்கு எனக்கு இது வேணும்” என்று திட்டினாள். ஆனால் கையை முன்பைவிடக் கொஞ்சம் மேலே தூக்கினாள். அவளுக்கே அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏழுமலை வந்தார். ஐம்பது வயது இருக்கும். அத்தானைவிட ஒரு சாண் குள்ளம். நேராகத் தூக்கப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நைனா, நான் ஏழுமல. நீங்க சொல்றாப்லதான் செய்வேன். புடிக்கலன்னா கைய ஆட்டுங்க, நிறுத்திக்கிறேன்.”

அத்தான் கையை ஆட்டவில்லை.

பாத்ரூம் கதவு சாத்தப்பட்டது. அக்காவும் நானும் ஹாலில் நின்றோம். இந்த நேரத்தில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். உள்ளே தண்ணீர் விழுந்தது. “போ” என்று அத்தான் ஒரு தடவை கத்தினார். அக்கா கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். ஏழுமலை உள்ளே ஏதோ சொன்னார், வார்த்தை புரியவில்லை. பிறகு மறுபடி தண்ணீர்ச் சத்தம். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அப்புறம் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் சாயுதேன். கூப்பிட்டா எழுப்பு” என்றாள்.

மின்விசிறிக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்தாள். தலையணைகூட இல்லை. நான் எடுத்து வருவதற்குள் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போயிருந்தாள்.

ஏழுமலை அத்தானைத் துடைத்து, சட்டை மாட்டி, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அத்தானின் முடி ஈரமாக, வகிடெடுத்து வாரியிருந்தது. முகத்தில் கோபம் இருந்தது, களைப்பும் இருந்தது. தரையில் கிடந்த அக்காவைப் பார்த்ததும் இடது கையை உயர்த்தினார். ஏழுமலை நாற்காலியை நிறுத்தினார்.

நான் அக்காவை எழுப்பக் குனிந்தேன்.

“எழுப்பாத மா” என்றார் ஏழுமலை மெதுவாக. “கஞ்சி எங்க கீதுன்னு மட்டும் காட்டு. நான் குட்துக்கிறேன்.”